பூத்தால் போதுமா? நறுமணச் செடிகளை எந்த நாளில் வெட்டுவது

கொத்தமல்லித் தழையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பிறகு அதே செடியில் முற்றிக் காய்ந்த மல்லி விதையை நசுக்கி முகருங்கள். இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்தவை என்று மூக்கு ஒப்புக்கொள்ளாது. தழையிலும் பச்சைக் காயிலும் மிகுந்திருப்பவை டெக்கனால், டெசெனால் போன்ற ஆல்டிஹைடு வகை வேதிச்சேர்மங்கள். சிலருக்குக் கொத்தமல்லி சோப்பு வாடையாகவோ மூட்டைப்பூச்சி வாடையாகவோ படுவதற்குக் காரணம் இவைதான். காய் முற்ற முற்ற ஆல்டிஹைடுகள் வடிந்து, லினலூல் என்னும் இனிய மணச் சேர்மம் ஏறுகிறது. நன்கு முற்றிய விதையை நீராவியில் வடித்தெடுக்கும் மண எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லினலூல்தான். அந்த இனிய மணத்துக்காக வளர்ப்பவர் பத்து நாள் முந்தினால் எண்ணெயில் பச்சை வாடை ஏறிவிடும். பத்து நாள் பிந்தினால் காய் வெடித்து உதிர்ந்து மண்ணில் கிடக்கும். குடைபோல் விரியும் பூங்கொத்துகளில் நடுக்குடையின் காய்கள் பழுப்பாகவும் ஓரக் குடைகளின் காய்கள் மஞ்சளோடிய பச்சையாகவும் இருக்கும் சில நாட்கள்தான் சரியான இடைவெளி. அப்போது அறுத்துக் கட்டி நிழலில் உலர்த்தினால் மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு வாடையும் உலரும்போதே அடங்கும்.

எப்போது வெட்டினால் எண்ணெய் அதிகம் என்று கேட்டால், பூக்கும்போது என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பதில். பல செடிகளுக்கு அது பொருந்தும். எலுமிச்சைப் புல்லுக்கும் பச்சோலி என்னும் மணச்செடிக்கும் பொருந்தாது. லாவெண்டருக்குப் பாதிதான் பொருந்தும். இந்தக் குழப்பம் நீங்க, மூன்று அளவுகளைத் தனித்தனியே பிடித்துக்கொள்ள வேண்டும். தழையில் எண்ணெய் எத்தனை சதவீதம் என்பது ஒன்று. ஒரு பாத்தியிலிருந்தோ ஓர் ஏக்கரிலிருந்தோ மொத்தம் எத்தனை கிலோ எண்ணெய் வருகிறது என்பது இன்னொன்று. அந்த எண்ணெயில் நாம் தேடும் சேர்மம் எவ்வளவு என்பது மூன்றாவது. இவை மூன்றும் ஒரே நாளில் உச்சம் தொடுவது அபூர்வம். எதற்காக வெட்டுகிறோம் என்று முதலில் முடிவு செய்யாதவருக்கு, எந்தப் பயிர்க் கையேடும் சரியான தேதியைச் சொல்ல முடியாது.

எண்ணெய் குடியிருக்கும் இடம்

அறுவடை பற்றிய பாதி விஷயங்கள், செடி தன் எண்ணெயை எங்கே வைத்திருக்கிறது என்பதிலிருந்தே விளங்கிவிடும்.

புதினா, துளசி, திருநீற்றுப்பச்சை, தைம், ஓரிகனோ, ரோஸ்மேரி, லாவெண்டர் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம். இவற்றின் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் கொண்டு புதினா இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்னும் மணிகள் தெரியும். அவைதான் சுரப்பிகள். அடியில் ஒரு வட்டமாகச் சில சுரக்கும் செல்கள், அவற்றின் மேல் குமிழ் போல எழும்பிய மெல்லிய தோல், இரண்டுக்கும் நடுவே எண்ணெய். விரலால் தேய்த்தால் தோல் கிழிந்து மணம் வருகிறது. முதிர்ந்த இலையில் ஒருமுறை உடைந்த சுரப்பி மறுபடி நிரம்பாது. இலை வளரும் காலத்தில் அமைந்த சேமிப்பே அந்த இலைக்கு உரிய மொத்தச் சேமிப்பு.

எலுமிச்சைப் புல்லில் எண்ணெய் இலையின் உள்ளே, தனித்தனிச் செல்களில் இருக்கிறது. வெட்டிவேரில் வேரின் திசுக்களுக்குள். கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை, ஓமம் ஆகியவற்றின் காய்களில் நீளவாக்கில் ஓடும் மூடிய குழாய்களில். இப்படி உள்ளே அடைபட்ட எண்ணெயை மழையும் உராய்வும் அவ்வளவாகத் தொடுவதில்லை. காய்ந்த சோம்பு மாதக்கணக்கில் மணம் குன்றாமல் இருப்பதும், அதையே பொடியாக்கினால் சில வாரங்களில் சப்பென்று ஆகிவிடுவதும் இந்தக் குழாய்களால்தான். பச்சோலி இரண்டு வகையும் கலந்தது: இலையின் மேல் சுரப்பி மயிர்களிலும் எண்ணெய் உண்டு, உள்ளேயும் உண்டு. அதனால்தான் பச்சோலி இலையைப் பச்சையாக வடிப்பதில்லை. வெட்டி, நிழலில் சில நாள் உலர்த்திய பிறகே வாலையில், அதாவது எண்ணெய் வடிக்கும் கலத்தில், ஏற்றுகிறார்கள். உலரும்போது உள்செல்களின் சுவர் தளர்ந்து, நீராவி உள்ளே புக வழி கிடைக்கிறது.

ரோஜாவும் மல்லிகையும் வேறு கணக்கு. பூவிதழ் எண்ணெயைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. உண்டாக்கி உண்டாக்கி காற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் இவற்றில் நாளை விட மணி முக்கியம். டமாஸ்க் ரோஜாவை விடியலில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிப்பது சடங்கில்லை. நண்பகலுக்குள் இதழிலிருந்து எண்ணெயின் கணிசமான பகுதி போய்விடும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,500 முதல் 4,000 கிலோ பூ வேண்டும் என்னும்போது, இரண்டு மணி நேரத் தாமதம் எவ்வளவு பெரிய இழப்பு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஓர் இலையின் வாழ்க்கை

அறுவடைக் காலத்தின் வேதியியல் மிகத் துல்லியமாக ஆராயப்பட்ட செடி பெப்பர்மிண்ட் என்னும் புதினா வகை. ஒரே ஓர் இலையைப் பின்தொடர்ந்தால் படம் தெளிவாகும்.

இலை விரியத் தொடங்கும்போதே சுரப்பிகள் தோன்றி நிரம்ப ஆரம்பிக்கின்றன. இலைக்கு 12 முதல் 20 நாள் வயதாகும்போது எண்ணெய் உற்பத்தி உச்சத்தில் இருக்கும். அதன்பின் உற்பத்தி சட்டென்று விழுந்துவிடும். ஆனால் உற்பத்தி நின்றதும் எண்ணெய் ஆவியாகிப் போய்விடுவதில்லை. சுரப்பியின் தோல் நல்ல மூடி. உடையாத சுரப்பியிலிருந்து கசிவது மிகச் சொற்பம். வெயிலில் எண்ணெய் பறந்துவிடும் என்ற பயம் புதினாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் தேவையற்றது.

அளவு நின்றபிறகும் சேர்மங்கள் மாறிக்கொண்டே இருக்கும். செடி முதலில் லிமோனீன் என்னும் சேர்மத்தைச் செய்கிறது. அது பல படிகளைக் கடந்து புலேகோன் ஆகிறது, புலேகோன் மெந்தோன் ஆகிறது, கடைசியில் மெந்தோன் மெந்தால் ஆகிறது. இந்தக் கடைசிப் படிக்கான நொதி தாமதமாகவே முழுவேகம் பெறுகிறது. ஆகவே இரண்டு வார இலையில் மெந்தோன்தான் மேலோங்கி நிற்கும். குளிர்ச்சி தரும் மெந்தால் அதற்குப் பின்வரும் வாரங்களில் ஏறும். பூப்பருவத்தில் மெந்தாலின் ஒரு பகுதி மெந்தைல் அசிடேட்டாக மாறத் தொடங்கும்.

இதோடு ஒரு கிளைவழியும் உண்டு. புலேகோன் மெந்தோனாக மாறாமல் மெந்தோஃப்யூரானாகத் திரும்பிவிடலாம். மெந்தோஃப்யூரான் எண்ணெய்க்கு மட்டமான மணத்தைத் தருகிறது. நாள்பட நிறத்தையும் மாற்றுகிறது. புலேகோனும் மெந்தோஃப்யூரானும் அளவு மீறினால் கல்லீரலுக்குக் கேடு. வெளிச்சம் குறைந்து இரவும் வெப்பமாக இருந்தால் செடி இந்தக் கிளைவழியில் அதிகம் போகிறது. நல்ல வெளிச்சமும் குளிர்ந்த இரவும் அமைந்தால் மெந்தோன் வழியில் போகிறது. பெப்பர்மிண்டின் பூக்களில் மெந்தோஃப்யூரான் இலைகளை விட மிக அதிகம். எனவே பெப்பர்மிண்டை முழுப்பூப்புக்கு விடாமல், வயலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தண்டுகள் பூக்கத் தொடங்கும்போது வெட்டும் வழக்கம் வந்தது. அதற்கு முன் வெட்டினால் மெந்தால் போதாது. பின்பு வெட்டினால் பூக்களின் மெந்தோஃப்யூரான் மொத்த எண்ணெயிலும் கலந்துவிடும். ஐரோப்பிய மருந்துநூல் பெப்பர்மிண்ட் எண்ணெயில் மெந்தால் 30 முதல் 55 சதவீதமும் மெந்தோன் 14 முதல் 32 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்திருப்பதால், மெந்தால் ஏறட்டும் என்று அளவுக்கு மீறிக் காத்திருப்பவரின் எண்ணெய் மெந்தோன் குறைந்து தவறிப்போகவும் கூடும்.

ஒரு செடியில் எல்லா வயது இலைகளும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. நுனியில் மெந்தோன் நிறைந்த கொழுந்து, நடுவில் முதிர்ந்த இலை, அடியில் பழுத்து உதிரக் காத்திருக்கும் இலை. வாலையில் விழுவது இவற்றின் சராசரி. அறுவடை நாளைத் தேர்ந்தெடுப்பது என்றால் இந்தச் சராசரியைத் தேர்ந்தெடுப்பது. மறுதாம்பில், அதாவது வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்த பயிரில், கிடைக்கும் எண்ணெய் முதல் வெட்டின் எண்ணெயைப் போல இருக்காததற்கும் இதுவே காரணம். அதில் இளம் இலைகளின் பங்கு வேறு, அது வளர்ந்த வெப்பமும் பகல் நீளமும் வேறு. முதல் வெட்டுக்குச் சரியாக அமைந்த நாள் எண்ணிக்கையை இரண்டாம் வெட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு.

தைம், ஓரிகனோ இரண்டிலும் இதே போன்ற சங்கிலி உண்டு. காமா டெர்பினீனிலிருந்து தைமால் அல்லது கார்வக்ரால், பக்க விளைபொருளாகப் பாரா சைமீன். கோடையில் பூக்கும் சமயம் வெட்டிய ஓரிகனோவில் கார்வக்ரால் மேலோங்கும். அதே செடியின் இலையுதிர்காலத் துளிரில் பாரா சைமீன் ஏறிக் காரம் மழுங்கியிருக்கும். சதகுப்பையின் பச்சைத் தழையில் ஃபெல்லாண்ட்ரீனும், அதற்கே உரிய ஈதர் சேர்மம் ஒன்றும் மணக்கின்றன. முற்றிய விதையில் கார்வோன். சீமைச் சோம்பின் (கேரவே) காயில் முதலில் லிமோனீன் சேர்கிறது, அதன் பின்னரே கார்வோன் உருவாகத் தொடங்குகிறது. ஆகவே இளங்காயாக அறுத்தால் எண்ணெய் நிறைய இருந்தும் சீமைச் சோம்பு மணம் இருக்காது.

சதவீதம் ஏமாற்றும் விதம்

எண்ணெய் சதவீதம் கூடியது என்று கேட்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. எதன் சதவீதம் என்று கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 கிராம் பச்சைத் தழையை வடித்ததில் 0.6 மில்லி எண்ணெய் வந்தது. தழையின் ஈரப்பதம் 80 சதவீதம். அதாவது உலர்பொருள் 20 கிராம். உலர்பொருளுக்கு நூற்றுக்கு 3 மில்லி. ஒரு வாரம் மழையின்றிக் காய்ந்த பிறகு அதே பாத்தியில் எடுத்த 100 கிராமில் 0.75 மில்லி வந்தது. எண்ணெய் கால் பங்கு கூடிவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஈரப்பதம் 70 சதவீதமாக இறங்கியிருக்கிறது, உலர்பொருள் 30 கிராம். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 2.5 மில்லிதான். எண்ணெய் குறைந்திருக்கிறது, தண்ணீர் அதைவிட வேகமாகக் குறைந்திருக்கிறது. பச்சை எடையை மட்டும் வைத்து இரண்டு நாட்களை ஒப்பிடுபவர் இந்தக் குழியில் கட்டாயம் விழுவார்.

அடுத்த குழி, மொத்த விளைச்சல். கொழுந்தில் சதவீதம் அதிகம், ஏனென்றால் சின்ன இலையில் சுரப்பிகள் நெருங்கி நிற்கின்றன. இலை விரிய விரிய அவை விலகிப்போகின்றன. ஆனால் கொழுந்தின் எடை சொற்பம். ஒரு நிலத்தில் 20 டன் தழை, எண்ணெய் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: 100 கிலோ எண்ணெய். இன்னும் இரண்டு வாரம் விட்டால் தழை 24 டன்னாகத் தடிக்கிறது, எண்ணெய் 0.35 சதவீதமாக இறங்குகிறது: 84 கிலோ. எடை கூடியதெல்லாம் எங்கே போயிற்று? தண்டுக்கு. தண்டில் எண்ணெய் அநேகமாக இல்லை. அதே இரண்டு வாரத்தில் அடியிலைகள் நிழலில் மஞ்சளாகி உதிர்ந்திருக்கும். அவை தம் சுரப்பிகளோடு தரையில் கிடக்கும். இப்படித் தண்டு மிகுந்த தழையை வாலையில் அடைத்தால் எரிபொருள் செலவும் கூடும்.

ஆகவே வயலில் பார்க்க வேண்டிய முதல் அடையாளம் பூவைவிட அடியிலைதான். ஒரு தண்டைப் பிடுங்கி, கீழிருந்து எத்தனை கணுக்களில் இலை உதிர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உதிர்வு வேகமெடுத்துவிட்டால் பூவுக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. அறுவடைக்கு முன் கடைசி வாரங்களில் தழைச்சத்து மிகுதியாக இட்டவர்களுக்கு இது சீக்கிரமே வரும். மேலே அடர்ந்து, கீழே இருட்டாகி, அடியிலைகள் கொட்டிவிடும்.

பூ சொல்வது செடிக்குச் செடி வேறு

லாவெண்டரைப் பாருங்கள். அதன் எண்ணெய் ஊதா இதழில் இல்லை. இதழைத் தாங்கி நிற்கும் புல்லிவட்டத்தின் வரிகளுக்கு இடையே உள்ள சுரப்பிகளில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இதழ் வாடி விழுந்தாலும் புல்லிவட்டம் அப்படியே நிற்கும். அதனால் எண்ணெய்க்கு வெட்டுபவர்கள் கதிரில் ஏறக்குறையப் பாதிப் பூக்கள் மலர்ந்து வாடும் வரை காத்திருப்பார்கள். உலர்ந்த கொத்தாக விற்பவர்கள் முதல் சில பூக்கள் விரிந்ததுமே வெட்டிவிடுவார்கள், அப்போதுதான் நிறம் நிற்கும், பூ உதிராது. ஒரே வயல், ஒரே செடி, இரண்டு வேறு நாட்கள். இரண்டும் சரி.

திருநீற்றுப்பச்சையிலும் துளசியிலும் பூங்கதிரில் சுரப்பிகள் நெருக்கம். எண்ணெய்க்காக என்றால் முழுப்பூப்புச் சமயம் நல்லது. இலைக்காக என்றால் மொட்டு தெரியும் முன்பே நுனி கிள்ள வேண்டும். பூத்த செடியின் இலை சிறுத்து, தண்டு கட்டையாகிவிடும். திருநீற்றுப்பச்சையின் ஜெனோவீஸ் வகையில் இன்னொரு கூறும் கண்டறியப்பட்டுள்ளது: செடி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரம் வரை மெத்தில் யூஜினால் மிகுந்தும், அதற்கு மேல் வளர்ந்ததும் யூஜினால் மிகுந்தும் காணப்படுகிறது. மெத்தில் யூஜினால் விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் விளைவித்த சேர்மம். இளசாகப் பிடுங்கினால்தான் சுவை என்ற எண்ணத்தோடு நாற்றுப் பருவத்திலேயே பெருமளவில் அறுவடை செய்வதை யோசிக்க இது ஒரு காரணம்.

சீமைச் சாமந்தியில் (கமோமில்) வெள்ளை இதழ்கள் தட்டையாகக் கிடைமட்டமாக விரிந்திருக்கும் கட்டமே உச்சம். இதழ்கள் கீழ்நோக்கி மடங்கி நடுமேடு கூம்பாக எழும்பிவிட்டால் எண்ணெய் இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் பறித்தால் உலரும்போது பூ பொடிப்பொடியாக உதிரவும் செய்யும். அதன் எண்ணெய்க்கு உரிய நீல நிறம் பூவில் தேடினால் கிடைக்காது. மாட்ரிசின் என்னும் நிறமற்ற சேர்மம் நீராவியின் சூட்டில் சிதைந்துதான் நீலநிறக் கமாசுலீன் உண்டாகிறது. எண்ணெய் வெளிறி வந்தால் பறித்த கட்டம், பூவை உலர்த்திய சூடு, வடித்த நேரம் மூன்றையும் சந்தேகிக்கலாம். மாட்ரிசின் இயல்பிலேயே குறைந்த செடிவகையாகவும் இருக்கலாம்.

பாமரோசாப் புல்லில் எண்ணெய் பூங்கதிரிலும் இலையிலும் இருக்கிறது, தண்டில் மிகக் குறைவு. கதிர் இளசாக இருக்கும்போது ஜெரானைல் அசிடேட் அதிகம். முதிர முதிர அது உடைந்து ஜெரானியால் ஆகிறது. கதிர் வெளிவந்த உடனே வெட்டாமல், பூத்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து வெட்டச் சொல்வது இதனால்தான். எலுமிச்சைப் புல்லுக்குப் பூ ஓர் அடையாளமே கிடையாது. நட்ட 4 முதல் 6 மாதத்தில் முதல் வெட்டு, பிறகு ஏறக்குறைய 50 முதல் 60 நாளுக்கு ஒருமுறை, தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவது. இடைவெளி நீண்டால் இலைநுனி காய்ந்து, தழையின் எடை கூடியும் எண்ணெய் சதவீதம் இறங்கும். மிக அடிக்கடி வெட்டினால் தூர் நலிந்து அடுத்த ஆண்டின் விளைச்சல் குறையும்.

மூக்கை நம்ப வேண்டிய செடி ஜெரேனியம். இலை இளசாக இருக்கும்போது எலுமிச்சை சாயல் மணக்கும். முதிர்ந்து கரும்பச்சை வெளிறி மஞ்சள் சாயல் ஏறத் தொடங்கும்போது ரோஜா மணத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பம்தான் அறுவடைக் குறி. பச்சோலியிலும் இப்படித்தான்: அடர்பச்சை வெளிறி இலேசான பழுப்பு படரும்போது, பாத்தியருகே நின்றாலே அதன் மண் கலந்த மணம் வரும். முதல் வெட்டு நட்ட 5 மாத அளவில், பிறகு 3 முதல் 4 மாதத்துக்கு ஒருமுறை. அடியில் நாலைந்து துளிர்க்கும் மொட்டுகளை விட்டு வெட்டாவிட்டால் மறுதாம்பு வராது. வெட்டிவேரை 15 முதல் 18 மாதத்தில் தோண்டுவார்கள். ஓராண்டுக்கு முன் தோண்டினால் வேர் மெல்லியது, எண்ணெய் குறைவு, மணத்தில் பச்சை வாடை தூக்கலாக இருக்கும்.

மழை, பனி, பொழுது

மேற்பரப்பில் எண்ணெய் வைத்திருக்கும் செடிகளுக்கு மழை இரண்டு விதத்தில் இழப்பு. துளிகள் அறைவதிலும் இலையோடு இலை உரசுவதிலும் சுரப்பிகள் உடைகின்றன. கூடவே, மேகமூட்டத்தில் ஒளிச்சேர்க்கை குறைந்து புது எண்ணெய் உருவாவதும் மந்தமாகிறது. முதிர்ந்த இலையில் உடைந்தது உடைந்ததுதான். ஆனால் இளம் இலைகள் வெயில் வந்ததும் நிரம்பிக்கொள்ளும். எனவே மழை ஓய்ந்தபின் இரண்டு மூன்று நல்ல வெயில் நாட்கள் விட்டு வெட்டுவது பலன் தரும். செடி சாய்ந்து அடியிலை அழுகத் தொடங்கியிருந்தால் காத்திருக்கக் கூடாது. இழப்பு நாளுக்கு நாள் கூடும். புதினாவுக்கு அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே பாசனத்தை நிறுத்துவதும் இதே நோக்கில்தான். செடி வாடிக் கருகும் அளவுக்குக் காயவிடாமல், மண் மட்டும் உலர்ந்திருக்க வேண்டும்.

காலையில் வெட்டுவதா மாலையிலா என்ற விவாதத்தைச் சுரப்பியை நினைவில் வைத்துக்கொண்டு தீர்க்கலாம். மூடிய சுரப்பியில் எண்ணெய் வைத்திருக்கும் புதினா வகைகளில் ஒரே நாளுக்குள் ஏற்படும் மாற்றம், ஒரு வாரத்தில் ஏற்படும் மாற்றத்தோடு ஒப்பிட்டால் சிறிது. காலை வேளைக்கு வேறு நல்ல காரணம் உண்டு: குளிர்ந்த தழை குவியலில் சூடேறுவதில்லை. ஆனால் பனி ஈரத்தோடு வெட்டினால் அந்த நன்மை போய்விடும். ஈரத் தழை விரைவில் புழுங்கும், வாலையில் கூடுதல் தண்ணீரைச் சூடாக்க எரிபொருளும் வீணாகும். பனி உலர்ந்தபின், உச்சி வெயிலுக்கு முன். இந்த இரண்டு மூன்று மணி நேரம் பெரும்பாலான தழைகளுக்குப் பொருந்தும்.

வெட்டியபின் கெடுவது

சரியான நாளில் வெட்டிய பயிரைக் குவியலில் கெடுத்தவர்கள் ஏராளம். வெட்டிய தழை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சுவிட்டுச் சூட்டை வெளியிடுகிறது. இடுப்பளவு குவித்து, மேலே சாக்கு போட்டு மூடினால், சில மணி நேரத்தில் நடுவே கை வைக்க முடியாத புழுக்கம் ஏறும். நுண்ணுயிர்கள் பெருகி, அழுகல் வாடை எண்ணெயில் கலக்கும். லினலைல் அசிடேட் போன்ற எஸ்டர்கள் உடைந்து மணம் தட்டையாகும். தழையை முழங்கால் உயரத்துக்கு மேல் குவிக்காமல், மிதிக்காமல், நிழலில் பரப்பி, ஓரிரு முறை புரட்டிவிட வேண்டும். புதினாவைப் பாதி வாடவிட்டு வடிப்பது நல்லது. ஈரம் குறைவதால் ஒரு வாலைக்குள் அதிகத் தழை அடங்கும், நீராவியும் சீராகப் பரவும். தண்டு வளைந்து ஒடியாமலும் இலை நொறுங்காமலும் இருக்கும் பதம் போதும். அதைத் தாண்டிக் காயவிட்டால் இலை உதிர்ந்து வயலிலேயே தங்கிவிடும்.

உலர்த்திச் சேமிப்பதானால் 35 முதல் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாத காற்றோட்டம் வேண்டும். சூடு கூடினால் சுரப்பியின் தோல் தளர்ந்து, எடை குறைந்த சேர்மங்கள் முதலில் பறக்கும். திருநீற்றுப்பச்சை இதில் மிகவும் நொய்மையானது. உலர்ந்ததும் முழு இலையாகவே மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் நொறுக்குவது மணத்தைப் பல மாதம் காக்கும்.

சொந்த நிலத்துக்கு உரிய தேதி

மேலே சொன்ன நாட்கள் எல்லாம் தொடக்கப் புள்ளிகள். வகை, மண், அந்த ஆண்டின் வெப்பம் மாறினால் தேதி ஒரு வாரம் பத்து நாள் எளிதில் நகரும். சிறு கண்ணாடி வாலை ஒன்று இருந்தால் சரியான நாளை அளந்தே கண்டுபிடிக்கலாம். எதிர்பார்க்கும் அறுவடைக்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்து, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். வயலில் ஐந்தாறு இடங்களிலிருந்து, உண்மையில் வெட்டப்போகும் உயரத்திலேயே, தண்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். கொழுந்தை மட்டும் கிள்ளிவந்தால் வரும் எண் அழகாக இருக்கும், வயலுக்குப் பொருந்தாது. 100 கிராம் தழையை ஒரு லிட்டர் தண்ணீரோடு 2 லிட்டர்க் குடுவையில் இட்டு, கொதித்ததிலிருந்து மூன்று மணி நேரம் வடித்து, குழாயில் மிதக்கும் எண்ணெயை ஆறியபின் அளக்கவும். எல்லா மாதிரிக்கும் அதே நேரம், அதே கொதி. முதலில் வருவது எடை குறைந்த சேர்மங்கள், பின்னால் வருவது கனமானவை என்பதால், ஒரு நாள் ஒரு மணி நேரமும் இன்னொரு நாள் மூன்று மணி நேரமும் வடித்தால் அளவு மட்டுமல்லாமல் எண்ணெயின் சேர்மானமும் ஒப்பிட முடியாததாகிவிடும். அதே மாதிரியில் இன்னொரு சிறுபகுதியை நிறுத்து, முழுக்க உலர்த்தி, மறுபடி நிறுத்து ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் எண்ணெய் அளவுக்குப் பொருளில்லை. ஒரு சதுர மீட்டர் வெட்டித் தழை எடையையும் எழுதி வைத்தால் மொத்த விளைச்சல் கணக்கும் கைக்கு வரும்.

சேர்மங்களை அறிய, எண்ணெயை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பாய்வுதான் சரியான வழி. அது கிடைக்காத இடத்தில் குளிர்பதனப் பெட்டி ஓரளவு சொல்லும். மெந்தால் மிகுந்த புதினா எண்ணெயைச் சிறு குப்பியில் ஊற்றிக் குளிரவைத்தால் ஊசி போன்ற படிகங்கள் இறங்கும். முன்கூட்டி வெட்டிய தழையின் எண்ணெயில் அவை தாமதமாகவும் குறைவாகவும் வரும், அல்லது வராமலே போகும். அனெத்தோல் நிறைந்த சோம்பு எண்ணெயும் இப்படி உறையும். தூய அனெத்தோல் 21 டிகிரிக்கு அருகிலேயே உறைவதால், எந்த வெப்பத்தில் உறையத் தொடங்குகிறது என்று பார்த்தாலே காய் எவ்வளவு நல்லது என்பதைப் பற்றி ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

லென்சையும் கைவிடாதீர்கள். நிரம்பிய சுரப்பி தெளிந்த மணியாக மின்னும். அடியிலைகளில் மணிகள் மங்கிப் பழுப்பேறி, பல இடங்களில் நசுங்கிக் கிடப்பதைக் கண்டால், அந்த வாரத்துக்குள் வெட்ட ஆட்களை ஏற்பாடு செய்துவிட வேண்டும்.